தயிரின் பெருமை சொன்ன விஞ்ஞானி!

குட்டீஸ்! ராத்திரி தூங்கப் போகும் முன் உங்கள் வீட்டில் ஒரு வேலை தவறாமல் நடக்குமே, கவனித்திருக்கிறீர்களா? வெதுவெதுப்பான பாலில் சின்னக் கரண்டி தயிரை விட்டுக் கலக்கி, மூடி வைப்பார்கள். அதுதான் உறை ஊற்றுவது. காலையில் திறந்து பார்த்தால் பால் கெட்டித் தயிராகி இருக்கும். பக்கத்தில் இட்லி மாவு பாத்திரம் நிறையப் பொங்கி நிற்கும்.

ராத்திரி முழுக்க அங்கே வேலை பார்த்தது யார்? கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரிகள்!

இந்த நுண்ணுயிரிகளுக்கும், நம் உடம்பில் நோயை எதிர்த்துப் போராடும் செல்களுக்கும் ஏதோ தொடர்பு இருக்க வேண்டும் என்று நூறு ஆண்டுகளுக்கு முன்பே நினைத்தவர் ஒருவர் உண்டு. அவர்தான் ரஷ்ய விஞ்ஞானி இலியா மெச்னிகாவ். அவர் வாழ்நாளின் கடைசி 28 ஆண்டுகளைக் கழித்த ஊர் பாரிஸ். அப்போது நம் புதுச்சேரியை ஆண்டு கொண்டிருந்ததும் அந்த பாரிஸில் இருந்த அரசுதான். பிரெஞ்சுக்காரர்கள் அவரை எலீ என்று அழைத்தார்கள். பெயரைக் கேட்டுச் சிரிக்காதீர்கள்! இந்த எலீ நோய்க்கிருமிகளுக்குப் பூனையாக இருந்தவர்.

காசு கொடுத்துப் பாடம் நடத்திய பையன்

இன்றைய உக்ரைன் நாட்டில் கார்கிவ் நகரத்துக்கு அருகே ஒரு கிராமம். அங்கே 1845ஆம் ஆண்டு மே மாதம் பிறந்தார் மெச்னிகாவ். அப்போது அந்தப் பகுதி ரஷ்யப் பேரரசில் இருந்தது. அப்பா ராணுவ அதிகாரி. வீட்டில் ஐந்து குழந்தைகள். இவர்தான் கடைக்குட்டி.

ஓர் இடத்தில் உட்காரவே மாட்டான் பையன். அதனால் வீட்டார் அவனுக்குப் பாதரசம் என்று செல்லப் பெயர் வைத்திருந்தார்கள். ஆனால், செடியையோ பூச்சியையோ கண்டுவிட்டால் போதும், பாதரசம் உறைந்து நின்றுவிடும்!

அண்ணனுக்குப் பாடம் சொல்லித்தர வந்த ஆசிரியர் இயற்கையை எப்படிக் கவனிப்பது என்று இவனுக்கும் கற்றுக் கொடுத்தார். அப்போது இவனுக்கு வயது எட்டு. கற்றதை மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையும் சொந்த அண்ணன்களையும் உட்கார வைத்துத் தாவரங்களைப் பற்றிப் பாடம் நடத்தினான். அவர்கள் எழுந்து ஓடிவிடக் கூடாதே! அதற்காகத் தன் கைச்செலவுக் காசை அவர்களுக்குக் கொடுத்தானாம். மாணவர்களுக்குச் சம்பளம் கொடுத்த ஆசிரியர் இவராகத்தான் இருப்பார்!

கல்லூரியிலும் அதே வேகம். கார்கிவ் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுப் படிப்பை இரண்டே ஆண்டுகளில் முடித்தார். 22 வயதில் ஒடெசா பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். வகுப்பில் இருந்த மாணவர்களில் சிலர் அவரைவிட வயதில் மூத்தவர்கள்!

துன்பம் துரத்திய நாட்கள்

அறிவு இருந்தது, வேலை இருந்தது. ஆனால், நிம்மதி இல்லை. 1869இல் லுத்மிலா என்ற பெண்ணைத் திருமணம் செய்து கொண்டார். அவருக்குக் காசநோய். திருமண நாளன்று நடக்க முடியாமல், மணப்பெண்ணை நாற்காலியில் வைத்துத்தான் தேவாலயத்துக்குத் தூக்கி வந்தார்கள். மனைவியைக் காப்பாற்ற மெச்னிகாவ் எவ்வளவோ பாடுபட்டார். வெப்பமான ஊர்களுக்கு அழைத்துப் போனார். இரவு பகலாகப் பணம் சம்பாதித்தார். காசநோய்க்கு அந்தக் காலத்தில் மருந்தே கிடையாது. 1873இல் லுத்மிலா இறந்து போனார்.

மெச்னிகாவ் உடைந்து போனார். அவருடைய கண் பார்வையும் அப்போது மங்கியிருந்தது. மைக்ராஸ்கோப்பைத் தொட முடியவில்லை. ஆனாலும் மெல்ல மெல்ல அதிலிருந்து மீண்டார். 1875இல் ஓல்கா என்ற பெண்ணை மணந்தார். கடைசி வரை அவருக்கு ஆய்விலும் துணையாக இருந்தவர் ஓல்கா.

ஒரு கிருமி உடம்புக்குள் நுழைகிறது. ஒருவர் இறக்கிறார். இன்னொருவர் பிழைக்கிறார். ஏன்? இந்தக் கேள்வி அவர் மனதில் முள்ளாகத் தைத்துக் கொண்டே இருந்தது.

முள் சொன்ன பதில்

அந்த முள்ளுக்கு இன்னொரு முள்தான் பதில் சொன்னது!

1882ஆம் ஆண்டு. ரஷ்யாவில் அரசியல் குழப்பம். பல்கலைக்கழக வேலையை விட்டுவிட்டு, குடும்பத்தோடு இத்தாலியின் மெசினா என்ற கடற்கரை ஊருக்குப் போனார் மெச்னிகாவ். வீட்டின் வரவேற்பறையே ஆய்வுக்கூடம் ஆனது.

ஒருநாள் வீட்டில் இருந்த எல்லோரும் சர்க்கஸில் வித்தை காட்டும் குரங்குகளைப் பார்க்கப் போய்விட்டார்கள். அவர் மட்டும் தனியாக மைக்ராஸ்கோப் முன் உட்கார்ந்திருந்தார். நட்சத்திர மீனின் குஞ்சு ஒன்றைப் பார்த்துக் கொண்டிருந்தார். அந்தக் குஞ்சின் உடம்பு கண்ணாடி மாதிரி. உள்ளே நடப்பதெல்லாம் வெளியே தெரியும். அதற்குள் சில செல்கள் இங்கும் அங்கும் ஊர்ந்து கொண்டிருந்தன.

பளிச்சென்று ஒரு யோசனை! இந்தச் செல்கள் ஏன் காவல்காரர்களாக இருக்கக் கூடாது? வெளியிலிருந்து ஏதாவது உள்ளே நுழைந்தால் இவை ஓடிப்போய்ச் சூழ்ந்து கொள்ளுமா?

அவரால் உட்கார முடியவில்லை. அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். கடற்கரைக்கே போய்விட்டார். பிறகு தோட்டத்துக்கு ஓடி, ரோஜாச் செடியில் இருந்து சில முட்களைப் பறித்து வந்தார். நட்சத்திர மீன் குஞ்சுகளின் தோலுக்கு அடியில் அவற்றைச் செருகினார். அன்று இரவு அவருக்குத் தூக்கமே வரவில்லை.

விடிந்தும் விடியாமல் போய்ப் பார்த்தார். முள்ளைச் சுற்றிச் செல்கள் கூட்டம் கூட்டமாக மொய்த்துக் கிடந்தன! அவர் நினைத்தது சரி.

நமக்கு முள் குத்தினால் என்ன ஆகிறது? அந்த இடம் சிவக்கிறது, வீங்குகிறது, சீழ் பிடிக்கிறது. அந்தக் காலத்து மருத்துவர்கள் பலர், வெள்ளை அணுக்கள்தான் கிருமிகளைச் சுமந்துபோய் உடம்பு முழுக்கப் பரப்புகின்றன என்று நினைத்தார்கள். மெச்னிகாவ் அதைத் தலைகீழாக மாற்றிச் சொன்னார். அவை கிருமியைச் சுமக்கவில்லை, விழுங்குகின்றன. வீக்கம் என்பது போர்க்களம்!

இந்தச் செல்களுக்கு, தின்னும் செல் என்று பொருள்படும் கிரேக்கப் பெயரை வைத்தார்கள். நாம் விழுங்கு செல்கள் என்று சொல்லலாம்.

எதிர்ப்பும் வெற்றியும்

உடனே எல்லோரும் கை தட்டினார்களா? இல்லை. ஜெர்மனி விஞ்ஞானிகள் பலர் எதிர்த்தார்கள். நோயை எதிர்ப்பது செல்கள் அல்ல, ரத்தத்தின் நீர்ப்பகுதியில் உள்ள பொருட்கள்தான் என்றார்கள். இரண்டு பக்கமும் ஆண்டுக்கணக்கில் சண்டை நடந்தது.

சொந்த நாட்டிலும் சோதனை. ஒடெசாவில் 1886இல் தொடங்கிய கிருமி ஆய்வு நிலையத்துக்கு அவர் தலைவரானார். வெறிநாய்க்கடிக்கு அங்கே தடுப்பு மருந்து தயாரித்தார்கள். ஆனால், அவர் டாக்டர் படிப்புப் படிக்காதவர் என்று குறை சொன்னார்கள். அவர் ஊரில் இல்லாத நேரத்தில், நிலையத்தில் இருந்து போன தடுப்பு மருந்தால் ஆயிரக்கணக்கான ஆடுகள் இறந்துபோன துயரமும் நடந்தது. அவர் அங்கிருந்து விலக முடிவு செய்தார்.

அப்போது கை கொடுத்தவர் லூயி பாஸ்டர். பால் புளிப்பதும் மாவு பொங்குவதும் நுண்ணுயிரிகளின் வேலை என்று உலகுக்கு நிரூபித்த அதே பாஸ்டர்தான். பாரிஸில் புதிதாகத் தொடங்கிய பாஸ்டர் ஆய்வு நிலையத்தில் 1888இல் மெச்னிகாவுக்கு ஆய்வுக்கூடம் கிடைத்தது.

கடைசியில் வென்றது யார்? இரண்டு கட்சியுமே! விழுங்கு செல்களும் வேண்டும், ரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருட்களும் வேண்டும் என்று தெரிந்தது. 1908ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசை மெச்னிகாவுக்கும், எதிர்க்கட்சியில் இருந்த பால் எர்லிக்குக்கும் சேர்த்தே கொடுத்தார்கள்.

காலராவைக் குடித்தவர்

இனி தயிர்க் கதைக்கு வருவோம்.

1892இல் பிரான்சில் காலரா பரவியது. காலரா கிருமி இருந்த நீரை மெச்னிகாவ் தானே குடித்தார்! அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆய்வுக்கு முன்வந்த வேறு சிலரும் குடித்தார்கள். அவர்களில் ஓர் இளைஞர் கடுமையாக நோயுற்று, சாவின் விளிம்புக்குப் போய்த் திரும்பினார். இப்படி மனிதர்களுக்குக் கிருமியைக் கொடுத்துப் பார்ப்பதை இன்று யாரும் ஏற்க மாட்டார்கள். அன்று அது பெரிய தவறாகத் தெரியவில்லை.

மீண்டும் அதே பழைய கேள்வி. ஒரே கிருமி, இரண்டு பேர், இரண்டு முடிவு. ஏன்?

கண்ணாடித் தட்டுகளில் காலரா கிருமியோடு வேறு நுண்ணுயிரிகளைச் சேர்த்து வளர்த்துப் பார்த்தார். சில நுண்ணுயிரிகள் காலரா வளர உதவின. சில அதை வளரவே விடவில்லை! அப்படியானால், நம் குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் நுண்ணுயிரிகளைப் பொறுத்து நம் உடல்நலம் மாறலாம் அல்லவா?

பல்கேரியா நாட்டில் நூறு வயதைத் தாண்டியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்றும், அவர்கள் தினமும் தயிர் சாப்பிடுகிறார்கள் என்றும் கேள்விப்பட்டார். 1905இல் ஸ்டாமென் கிரிகோரோவ் என்ற பல்கேரிய மருத்துவ மாணவர், தங்கள் ஊர்த் தயிரில் இருந்த பாக்டீரியாவை அடையாளம் கண்டார். பாலில் உள்ள சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலமாக மாற்றுவதுதான் அதன் வேலை. அந்த அமிலம்தான் தயிரின் புளிப்பு. புளிப்பில் கெட்ட கிருமிகள் பல வளர முடியாது.

மெச்னிகாவ் தினமும் புளித்த பால் குடிக்க ஆரம்பித்தார். தயிர் சாப்பிட்டால் முதுமை தள்ளிப் போகும் என்று எழுதினார். செய்தித்தாள்கள் அதை ஊதிப் பெரிதாக்கின. ஐரோப்பாவில் தயிருக்கு ஒரே கிராக்கி! கொஞ்ச காலம் மருந்துக் கடைகளில்கூடத் தயிர் விற்றார்கள்.

எது தவறு? எது சரி?

மெச்னிகாவ் சொன்ன எல்லாமே சரியா? இல்லை. தயிர் பாக்டீரியா குடலில் நிரந்தரமாகக் குடியேறும் என்று அவர் நம்பினார். அந்தப் பல்கேரியப் பாக்டீரியா அப்படித் தங்குவதில்லை என்று பிறகு தெரிந்தது. பெருங்குடல் நஞ்சை உண்டாக்கி முதுமையைக் கொண்டு வருகிறது என்ற கருத்தும் நிற்கவில்லை. நூறு வயது வாழத் தயிர் மட்டும் போதாது. அவரே 1916 ஜூலையில், 71 வயதில் இதய நோயால் இறந்தார்.

அதனால் பல ஆண்டுகள் அவருடைய தயிர்க் கருத்தை யாரும் பெரிதாக எடுத்துக் கொள்ளவில்லை. ஆனால், அதற்குள் ஓர் உண்மை ஒளிந்திருந்தது. இப்போது அது வெளியே வருகிறது.

விழுங்கு செல்கள் சண்டை போடச் சக்தி வேண்டுமே! அதற்கு அவை சர்க்கரையை எரிக்கின்றன. போர் நேரத்தில் வைக்கோல் போலக் குபுகுபுவென்று எரிக்கும். அமைதி நேரத்தில் உமிக் கங்கு போல நிதானமாக எரிக்கும். சண்டை முடிந்த பிறகும் வைக்கோல் எரிந்து கொண்டே இருந்தால்? நம் உடம்பே சூடுபட்டுப் போகும். தேவையில்லாத வீக்கமும் சில நாள்பட்ட நோய்களும் அப்படித்தான் வருகின்றன.

இந்த அடுப்பின் திருகாணியைக் கூட்டிக் குறைப்பதில் நுண்ணுயிரிகள் தயாரிக்கும் பொருட்களுக்கும் பங்கு உண்டு. நாம் உண்ணும் நார்ச்சத்தைக் குடல் பாக்டீரியா தின்று பியூட்டிரேட் என்ற பொருளைத் தருகிறது. விழுங்கு செல்கள் சர்க்கரையை எரிக்கும் விதத்தை அது மாற்றுகிறது என்று செல்களிலும் எலிகளிலும் நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன.

புளித்த உணவு நேரடியாகவே சேதி சொல்லும்! 2019இல் ஜெர்மனியின் லைப்சிக் நகர ஆய்வாளர்கள் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். மனிதனின் எதிர்ப்புச் செல்களில் ஒரு பூட்டு இருக்கிறது. லாக்டிக் அமில பாக்டீரியா தயாரிக்கும் ஒரு பொருள் அந்தப் பூட்டுக்குச் சாவி போலப் பொருந்துகிறது. புளிக்க வைத்த முட்டைக்கோஸ் சாப்பிட்டவர்களின் ரத்தத்திலேயே அந்தச் சாவி தென்பட்டது. இந்தப் பூட்டு மனிதனுக்கும் மனிதக் குரங்குகளுக்கும் மட்டுமே உண்டு. கீழே விழுந்து புளித்த பழங்களை நம் மூதாதையர் தின்னத் தொடங்கிய காலத்தில் இது வந்திருக்கலாம் என்பது அவர்கள் ஊகம்.

2021இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 36 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தியது. அவர்களில் பாதிப் பேர் 10 வாரம் தயிர் போன்ற புளித்த உணவுகளை நிறையச் சாப்பிட்டார்கள். அவர்களின் குடலில் நுண்ணுயிரி வகைகள் பெருகின. வீக்கத்தைக் காட்டும் 19 புரதங்கள் ரத்தத்தில் குறைந்தன. 36 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். எனவே ஆய்வுகள் தொடர்கின்றன. நம் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையிலும் குடல் நோயாளிகளுக்குப் பழைய சோறு உதவுமா என்று ஆராய்ந்திருக்கிறார்கள்.

இட்லியை ஆவியில் வேக வைக்கும்போது பாக்டீரியா இறந்துவிடுமே என்று கேட்கிறீர்களா? சபாஷ்! இறந்துவிடும்தான். நம்ம ஊர் பேக்கரிகளில் கிடைக்கும் நீளமான பிரெஞ்சு ரொட்டியிலும் ஈஸ்ட் இறந்துவிடும். ஆனால், அவை தயாரித்து வைத்த அமிலம் போன்ற பொருட்களில் பல அப்படியே இருக்கும். தயிரிலும் பழைய சோற்றிலும் உயிருள்ள நுண்ணுயிரிகளே கிடைக்கும்.

ஒன்றை மறக்காதீர்கள். புளித்தது வேறு, கெட்டது வேறு. பூஞ்சை பிடித்ததையும், துர்நாற்றம் அடிப்பதையும் சாப்பிடவே கூடாது. உடம்பு சரியில்லை என்றால் தயிர் மருந்தாகாது, டாக்டரிடம் போக வேண்டும். தடுப்பூசிக்குப் பதிலும் தயிர் அல்ல.

மெச்னிகாவின் சாம்பல் பாரிஸில் அவர் உழைத்த பாஸ்டர் ஆய்வு நிலையத்தின் நூலகத்திலேயே வைக்கப்பட்டுள்ளது. சில பதில்களில் அவர் தவறினார். ஆனால், ஒருவர் ஏன் பிழைக்கிறார் என்ற அவருடைய கேள்வி மிகச் சரியானது. அந்தக் கேள்விக்குத்தான் உலகம் இன்னும் பதில் தேடிக் கொண்டிருக்கிறது. அதில் ஒரு பங்கை நாளை நீங்களே கண்டுபிடிக்கலாம்!

துளித் துளியாய்...

* மெச்னிகாவின் மாணவர் வால்டெமார் ஹாஃப்கின். காலரா தடுப்பூசியைத் தன் உடம்பிலேயே முதலில் போட்டுச் சோதித்தார். 1893இல் இந்தியா வந்து ஆயிரக்கணக்கானோருக்குத் தடுப்பூசி போட்டார். 1897இல் பம்பாயில் பிளேக் தடுப்பூசியைக் கண்டுபிடித்தார். மும்பையில் உள்ள ஹாஃப்கின் நிலையம் அவர் பெயரில்தான் இருக்கிறது.

* நம் பக்கத்திலும் பாஸ்டர் பெயரில் ஒரு நிலையம் உண்டு. நீலகிரி மாவட்டம் குன்னூரில் 1907இல் தொடங்கப்பட்டது.

* முதுமையைப் பற்றிய அறிவியலுக்கு ஆங்கிலத்தில் ஜெரன்டாலஜி என்று பெயர். அந்தச் சொல்லை 1903இல் உருவாக்கியவர் மெச்னிகாவ்தான்.

* மெச்னிகாவின் கருத்தால் ஈர்க்கப்பட்ட ஜப்பானிய டாக்டர் மினோரு ஷிரோட்டா, 1930இல் ஒரு பாக்டீரியாவை வளர்த்தெடுத்தார். அதில் தயாரானதுதான் 1935இல் வந்த யாகுல்ட் என்ற பால் பானம்.

* இட்லி மாவு பொங்கக் காரணமான பாக்டீரியாக்களில் முக்கியமானது லியூகோனாஸ்டாக். அது விடும் கரியமில வாயுதான் இட்லியைப் பூப்போல ஆக்குகிறது!